ஐந்து கம்பிக்குச் சேர்த்த காசு நாலு கம்பிக்கே போயிற்று

ஐந்து கம்பி பேஸ் கிட்டார் (பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற கிட்டார்) ஒன்று வாங்க வேண்டும் என்று பொங்கலில் இருந்து காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். 22,000 ரூபாய் வரை சேர்ந்தும் விட்டது. ஆனால் வாங்கவில்லை. அதில் ஆறாயிரத்துச் சொச்சம் என் பழைய நாலு கம்பி பேஸுக்கே செலவாயிற்று, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் அதோடு சேர்ந்து போயின, இப்போது ஐந்தாவது கம்பி பற்றிய நினைப்பே வரவில்லை. என்ன செய்தேன், எது சரிப்பட்டது, எது இன்னும் சரிப்படவில்லை என்று எழுதி வைக்கிறேன். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பேஸ் வாசிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒருவர் பட்டது இன்னொருவருக்கு உதவட்டும்.

முதலில் இந்த பேஸின் கதை. பாளையங்கோட்டையில் கொயரில் வாசித்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெரிய பெயர் ஒன்றும் இல்லை, பிரெசிஷன் பேஸ் மாடலில் செய்த மலிவான ரகம். அந்த மாடலை அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்தார், இன்றைக்கும் பாதிப் பேர் அதே உருவத்தைத்தான் தோளில் மாட்டுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது நாங்கள் சிந்துபூந்துறையில் குடியிருந்தோம். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி தரையில் இருந்தது, அது போயிற்று. பேஸ் பீரோவுக்கு மேலே இருந்ததால் நனையவில்லை. ஆனால் அந்த வீடு காய்வதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, அவ்வளவு நாளும் அது அந்த ஈரக்காற்றிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு கம்பி உயரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அழுத்தி அழுத்தி வாசித்தேன், இடது மணிக்கட்டு வலித்தது, பேஸ் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கண்ணைத் திறந்துவிட்டவர் டவுனில் ஹார்மோனியம் ரிப்பேர் பார்க்கிற ஒரு அண்ணாச்சி. கேபிள் செருகுகிற ஜாக் ஆடுகிறது, பற்ற வைத்துத் தாருங்கள் என்று கொண்டுபோனேன். அவர் பேஸ் வாசிக்கிறவர் இல்லை. ஆனால் பலகையை ஆசாரி பார்ப்பது போல, கம்பிகள் ஓடுகிற நீளக் கழுத்தை, அதாவது நெக்கை, ஒரு முனையில் இருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, “தம்பி, வில்லு மாதிரில்லா வளைஞ்சு கெடக்கு. இத வச்சுக்கிட்டா இத்தன நாளா வாசிச்சீரு? புதுசு வாங்கதுக்கு முன்ன இத நிமித்தப் பாரும்” என்றார். ஜாக்குக்கு 50 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சரி என்று வீட்டுக்கு வந்து அளந்தேன். அளக்கிற முறை எளிது. நெக்கின் மேல் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கீற்றுகள்தான் ஃப்ரெட். கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடித்தால் கம்பியே ஒரு நேர் அடிக்கோல் ஆகிவிடும். நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான் நெக்கின் வளைவு. 0.3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் போதும், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் டேப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) இரவல் வாங்கி வந்து பார்த்தேன், 1 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 70 கிலோவுக்கு மேல். மூன்று சிப்பம் அரிசியை ஒரு மரச்சட்டத்தில் வருடக்கணக்கில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அதுவும் ஈரம் குடித்த மரத்தில். வளையாமல் என்ன செய்யும்?

அந்த இழுப்புக்கு எதிராக நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, ட்ரஸ் ராடு. ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி போட்டு முறுக்கினால் நெக் பின்னால் நிமிரும். இதைத் தொடவே கூடாது, உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. அவசரப்படாமல் செய்தால் யாரும் செய்யலாம். சாவி அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும், கொஞ்சம் சின்னது என்றாலும் உள்ளே வழித்துவிடும். அப்புறம் ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் போகக் கூடாது. கம்பியை மறுபடி சுருதி கூட்டி, ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் அளந்து பார்க்க வேண்டும். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பும்போது உள்ளே மரம் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் போட்டது, கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் 0.35க்கு வந்து நின்றது. உடம்பில் கம்பிகள் முடிகிற பிரிட்ஜில், அவற்றைத் தாங்குகிற சேடில்களை இறக்கினேன். 12ஆம் ஃப்ரெட்டில் 4 மில்லிமீட்டருக்கு மேல் நின்ற தடித்த ஈ கம்பி இப்போது இரண்டரை, மெல்லிய ஜி கம்பி இரண்டு.

அன்றைக்கு ராத்திரி வாசித்தபோது கை தானாக ஓடியது என்று சொன்னால் மிகையில்லை. இத்தனை நாள் விரல் செலவழித்த பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மணிக்கட்டு வலி இரண்டு வாரத்தில் போயே போய்விட்டது.

அடுத்தது இரைச்சல். பேஸை எந்த ஆம்பில் மாட்டினாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் வரும், எல்லாருக்கும் தெரிந்த தொல்லைதான். ஆனால் அதை உட்கார்ந்து கேட்டபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி என்ற சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஜியைப் பிடித்து நிறுத்தினால் இரண்டு ஓசையும் உரசிக்கொண்டு, நொடிக்கு ஒரு தடவை ‘வ்வா… வ்வா…’ என்று அலை அலையாக எழுந்து அமுங்கும். சுவருக்குள் ஓடுகிற கரண்டும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, நம் ஜிக்குக் கொஞ்சம் மேலே. அதற்குப் பிறகு ஹம் கேட்டால் எனக்கு அது வெறும் இரைச்சலாகத் தோன்றுவதே இல்லை, சுருதி பிசகின ஒரு ஆள் பக்கத்தில் நிற்பதாகத்தான் தோன்றுகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தது இப்படி. கம்பியில் கை வைத்தால் ஹம் குறைய வேண்டும், எனக்குக் குறையவில்லை. கேபிள் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் உடனே குறைந்தது. அப்படியென்றால் ஜாக் வரை எர்த் இருக்கிறது, கம்பிக்குத்தான் வரவில்லை. பிரிட்ஜைக் கழற்றினேன். அடியில் வருகிற ஒற்றை ஒயர் பச்சைக் களிம்பு பிடித்து, நுனியில் அறுந்து கிடந்தது. அந்த வெள்ளத்து ஈரத்தின் வேலை. ஒயரைச் சுரண்டி, பிரிட்ஜுக்கு அடியில் அழுந்துகிற மாதிரி வைத்துத் திருகினேன், செலவு பூஜ்யம். அத்தோடு, கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப்பின் குழிக்குள் காப்பர் ஃபாயில் ஒட்டி அதையும் எர்த்தோடு சேர்த்தேன், கரகரத்த வால்யூம் குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். ஹம் முழுதாகப் போகவில்லை, ஆனால் வாசிக்கும்போது காதில் விழுவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மேடையில் ஹம் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவு செய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் ஏதாவது கோளாறு வந்தால் அந்தக் கரண்ட் உங்கள் கம்பிக்கு வரும், ஒரு கை கம்பியில் இருக்க உதடு மைக்கில் பட்டால் உடம்பு வழியாக இறங்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்ட ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நாம். நான் இப்போது ஹோல்டரில் மாட்டிய ஒரு டெஸ்ட் பல்பைப் பையிலேயே வைத்திருக்கிறேன், சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் நன்றாக எரிய வேண்டும். எரியவில்லை என்றால் மைக்செட்காரரைக் கூப்பிடுவேன், அது சரியாகும் வரை வாசிக்க மாட்டேன். இதில் யார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

கம்பிகளுக்கு வருகிறேன். திருநெல்வேலி வெயிலுக்கும் வியர்வைக்கும் ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேலே உருண்டைக் கம்பி சுற்றினது) இரண்டு மாதத்தில் மந்தமாகிவிடும். பழைய கம்பியை வெந்நீரில் போட்டால் உயிர் வரும் என்பதைச் செய்து பார்த்தேன். பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன், தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கிப் போயிற்று. துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டியபோது நிஜமாகவே பளிச்சென்று ஒலித்தது. ஆனால் மூன்று வாரம்தான். மறுபடியும் பழைய கதை, அதற்குள் ஒரு கம்பி டியூனர் சாவியில் சுற்றின இடத்தில் அறுந்தும் போயிற்று. அவசரத்துக்குச் செய்யலாம், பழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது. அப்புறம்தான் ஃப்ளாட்வவுண்ட் போட்டேன், 45-105 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). மேலே தட்டையான நாடாவைச் சுற்றின கம்பி, வழவழவென்று இருக்கும், விரல் நகரும்போது ‘சர்’ சத்தம் இல்லை. விலை அதிகம், செலவில் பெரும்பகுதி இதுதான். ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்டைத்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். வலதுகையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையும் வாசித்தவர். கட்டைவிரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப் பிடிக்கும் என்றால் ஃப்ளாட்வவுண்ட் உங்களுக்கு ஒத்துவராது. எனக்கு ஸ்லாப் வேண்டாம். கீர்த்தனைக்கும் மெல்லிசைக்கும் அடியில் ஒரு மெத்தை போட வேண்டும், அதற்கு இதைவிட நல்ல கம்பி கிடையாது.

கடைகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும்தான் ஓடும், பேஸ் ஒன்றோ இரண்டோ பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். ஒரு கடையில் ஆம்பில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாங்குவதாக இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான் கம்பி மீட்டுகிற பிக்கூட வாங்க மாட்டேன். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தட்டிப் பார்க்காமல் எப்படி ஒரு பேஸை எடுப்பது? சென்னை போனால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போய்விடுவேன், 1842இல் இருந்து இருக்கிற கடை. ஆன்லைனில் நண்பன் ஒருவன் வரவழைத்ததில் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) விரிசலோடு வந்து, திருப்பி அனுப்ப ஒரு மாதம் அலைந்தான். கம்பியும் கேபிளும் ஆன்லைனில் வாங்கலாம், பேஸைக் கையில் பிடிக்காமல் வாங்க வேண்டாம்.

எல்லாம் சரிசெய்தபின் முதலில் வாசித்தது முன்னீர்பள்ளம் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடையில். எங்களுக்கு முன்னால் வில்லுப்பாட்டு. மேடைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உடுக்கையும் தாளமும் மேலே துள்ளிக்கொண்டிருக்க, குடக்காரர் குடத்தின் வாயில் ஒரு அடி அடித்தால் ‘கும்’ என்று வயிற்றில் வந்து விழுகிறது. எல்லா அடிக்கும் அவர் அடிக்கவில்லை. புலவர் கதையை இழுத்து நிறுத்துகிற இடத்தில் சும்மா இருந்துவிட்டு, திரும்பப் பாட்டு எழும்போது மட்டும் போட்டார். நான் அதுவரை ஒவ்வொரு பாட்டிலும் இடைவெளியே விடாமல் நிரப்பிக்கொண்டிருந்தவன். இளையராஜாவுக்கு வாசித்த சசிதரனையும் ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் ஹெட்போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அவர்கள் விடுகிற இடத்தை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்குகிற இடத்தில் நாலு அடி வாசிக்காமல் நின்றேன். கீபோர்டு அண்ணன் கம்பி அறுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது அடியில் இறங்கினபோது தலையை ஆட்டிச் சிரித்தார்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. தெருவெல்லாம் கட்டியிருந்தது கூம்பு ஒலிபெருக்கி, அதில் 41 ஹெர்ட்ஸ் ஈ கம்பி வரவே வராது. ஐந்தாவது கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ், அதைக் கொண்டுபோயிருந்தால் மேடையில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். டி, ஜி கம்பிகளில் மேலே ஏறி வாசித்து, மிட் என்கிற நடு ஓசையைக் கொஞ்சம் கூட்டினேன். டீக்கடைப் பக்கம் நின்ற தம்பி, முதல் தடவையாக அங்கே வரை பேஸ் கேட்டது என்றான்.

மிச்சக் காசில் 40 வாட் ஆம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வெள்ளத்தில் போனதுக்குப் பதில். டி கம்பியில் ஏழாவது ஃப்ரெட் இன்னும் ‘சிர்’ என்கிறது, அடுத்த ஃப்ரெட் ஒரு மயிரிழை தூக்கி நிற்கிறது. உப்புத்தாளைச் சின்ன மரக்கட்டையில் ஒட்டி, பலகையில் டேப் போட்டு மறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.