43 வருஷம் கழித்து வீடு திரும்பியவர்

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா இருக்கிறார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் பார்கிண்டி இனத்தவர். போன வருஷம் அவருடைய சித்தி அடிலெய்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடம்பை மெனின்டிக்கு, டார்லிங் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஆற்றை அவர்கள் பாக்கா என்பார்கள். வேறெங்கும் புதைக்கிற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

விடுப்புப் படிவத்தில் பெற்றோர், துணை, பிள்ளைகள் என்று மட்டும் இருந்தது. சித்திக்கு இடமில்லை. "அவரும் எனக்கு அம்மாதான்" என்று அவர் அலுவலகத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை.

திரும்பி வந்த அன்று நான் தெரியாமல் சித்தியின் பெயரைச் சொல்லிவிட்டேன். போர்வை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. போனவர் பெயரை இப்போதைக்குச் சொல்லக் கூடாதாம். வீட்டில் யூகலிப்டஸ் இலைப் புகை போட்டதையும் அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

மங்கோ ஏரிக்குப் போய்ப் பார் என்றதும் அவர்தான். மில்டுரா என்ற ஊரிலிருந்து 110 கிலோமீட்டர் போல இருக்கும். மழை பெய்தால் மண் சாலையை மூடிவிடுவார்கள். ஏரி என்று பெயர்தான், தண்ணீர் வற்றிப் பல ஆயிரம் வருஷம் ஆகிறது. கிழக்குக் கரை முழுக்கக் காற்று அரித்த மணல் மேடு.

அந்த மேட்டில்தான் 1974 பிப்ரவரி 26 அன்று, மழை ஓய்ந்த பிறகு, ஜிம் பௌலர் என்ற புவியியலாளர் மணலுக்கு வெளியே ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். சுமார் 42,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதருடையது. வலது முழங்கை தேய்ந்திருந்தது, ஈட்டி எறிந்து எறிந்து தேய்ந்திருக்கலாம் என்கிறார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் மடிமேல் சேர்த்து வைத்து, உடம்பெங்கும் செங்காவி தூவியிருந்தார்கள். அந்தக் காவி அந்தப் பக்கத்து மண் இல்லை. யாரோ வெகுதூரம் நடந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான். அவ்வளவு பார்த்துப் பார்த்து அடக்கம் செய்த மனிதரை, அவருடைய ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆராய்ச்சிக்கென்று கான்பெர்ராவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இந்தக் கண்டத்தில் மனிதர் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்பதை உலகத்துக்குக் காட்டியவை அந்த எலும்புகள். சரி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 43 வருஷமா?

1968இல் அதே இடத்தில் கிடைத்த, தகனம் செய்யப்பட்ட பெண்ணின் எலும்புகள் 1992இலேயே திரும்பிவிட்டன. அந்த மனிதர் 2017 நவம்பர் 17 அன்றுதான் வந்தார். ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரப் பெட்டியில், பழைய கறுப்பு அமரர் ஊர்தியில், வாகா வாகா, ஹே, பால்ரனால்ட் என்று ஊர் ஊராக நின்று. பார்கிண்டி, முத்தி முத்தி, நியாம்பா என மூன்று இனத்தாரும் கூடியிருந்தார்கள். அந்த அம்மாவும் போயிருந்தார். செம்மண் புழுதிக்குள் கறுப்பு வண்டி தெரிந்ததும் பக்கத்தில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினாராம். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

2022 மே மாதம் இருவரையும் மண்ணிலேயே புதைத்துவிட்டார்கள். மூத்தவர்களில் சிலருக்கு அதில் உடன்பாடில்லை, அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இடம் எதுவென்று வெளியே சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் நானும் கேட்கவில்லை.