வடக்கன்குளத்துக் கோயிலின் இரண்டு கைகள்

ஒரு கட்டடத்தின் தரைப்படத்தை நாமே தாளில் வரைந்து பார்க்கும்போதுதான், அதைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது என்னவென்று விளங்குகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணற்றுக்கு அருகே உள்ள வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை அப்படி வரைந்த நாளில், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது பழைய பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பிரிவு. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது இவ்வூரில்தான். ஆனால் நான் சொல்ல வந்தது 1872இல் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் கட்டிய கோயிலைப் பற்றி.

கத்தோலிக்கக் கோயில் என்றால் வாசலிலிருந்து பீடம் வரை நீளும் ஒரே கூடமோ, அதன் குறுக்கே மற்றொரு கூடம் சேர்ந்த சிலுவை வடிவமோ நம் கண்ணில் வரும். இங்கே பீடத்திலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள், மனிதன் கால்களை அகட்டி நிற்பதுபோல, விலகிச் செல்கின்றன. கால்சட்டை வடிவம் என்றே இதைச் சொல்வதுண்டு. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. இரண்டுக்கும் நடுவே சுவர். பீடம் ஒன்று, பூசை ஒன்று, குருவும் ஒருவரே. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்காமலும் தொடாமலும் அதே பூசையில் பங்குகொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்குக் கொத்தனாரின் அளவுநூல் கண்டுபிடித்த விடை இந்தக் கோணம். வேறெந்த வடிவமும் இவ்வளவு துல்லியமாக அந்த நிபந்தனையை நிறைவேற்றியிருக்காது என்பதுதான் என்னை வருத்துகிறது. திறமையில் குறை ஒன்றும் இல்லை, அது எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் குறை.

அந்தச் சுவரை 1910இல் அதே இயேசு சபையைச் சேர்ந்த குருவான கௌசானல் அடிகளார் இடிக்கச் செய்தார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவரும் இவரே. தங்களுக்கெனத் தனியிடம் வேண்டும் என்று கோரியவர்கள், அப்போது இப்பகுதிக்கும் பொறுப்பாயிருந்த திருச்சிராப்பள்ளி ஆயருக்கு (பிஷப்) எதிராக வழக்குத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். 1917ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ள அந்தத் தீர்ப்பு, சாதியின் பேரால் கோயிலுக்குள் தனியிடம் கோரும் உரிமையை ஏற்கவில்லை.

சுவரை இடிக்க முடிந்தது. கூடங்கள் பிரியும் கோணத்தை மாற்ற வேண்டுமானால் கோயிலையே இடித்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். ஏனெனில் நம் ஊர்களில் பிரிவினையைப் பற்றிப் பேச்சும் ஏடும் மறைத்துவிடுவதை இந்தக் கட்டடம் மறைக்கவில்லை. எனக்கு ஓர் ஆசை உண்டு: இதன் தரைப்படத்தைப் பெரிதாக வரைந்து, சுவர் நின்ற இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டி, 1872, 1910 என்ற இரண்டு ஆண்டுகளையும் அதன்மேல் எழுதி, கோயிலுக்கு வரும் பிள்ளைகள் விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் வாசலருகே மாட்ட வேண்டும்.