மகிழடியில் சொன்ன பதில்

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் வருடம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் களைவார்கள். புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்திய புற்று வடிவான திருமேனியை அப்போதுதான் பார்க்க முடியும். அம்மாவுக்கு அந்தத் தரிசனம் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும் என்று ஆசை. ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஏழு வருடமாக "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றேன்.

வேலை என்பதுதான் நான் சொன்ன காரணம். இரண்டு வருடம் அது உண்மை. மற்ற வருடங்களில் கூட்டத்தை நினைத்து அலுப்பு, அவ்வளவுதான். இதற்கிடையில் கண் அழுத்த நோய் அம்மாவின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது.

இந்தக் கார்த்திகைக்குக் கூட்டிப்போனேன். தேரடி மெட்ரோவில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். நடுவில் அவளை உட்காரவைக்க யாரோ ஒரு அம்மாள் தன் மடக்கு ஸ்டூலைக் கொடுத்தார். வரிசை நகர நகர, "கருவறை விமானம் யானை முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும், பாத்தியா?" என்று அம்மாவே எனக்குச் சொன்னாள். ராஜேந்திர சோழன் காலத்துக் கற்கோயில் அது. அவளுக்கு அது ஞாபகத்தில் இருக்கிறது. எனக்குக் கண்ணெதிரில் இருந்தும் அவள் சொல்லித்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

சந்நிதியில் சில நொடிகள்தான் கிடைத்தன. தீபாராதனை காட்டினார்கள். விளக்கொளியில் தைலம் மின்னியது. நான் நன்றாகவே பார்த்தேன். அம்மா கைகூப்பி, முகத்தை முன்னால் நீட்டியபடி நின்றாள். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள்.

"தெரிஞ்சுதாம்மா?"

"வாசனை வந்துச்சு. போதும்டா."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளிப் பிராகாரத்தில் மகிழ மரத்தடிக்கு அழைத்துப் போனேன். தேவாரம் பாடிய சுந்தரர் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அம்மா சொன்னதுதான். தான் மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்யவேண்டும். சந்நிதியில் செய்தால் கட்டுப்பட வேண்டியிருக்கும். அதனால் அந்த நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழடிக்குப் போய் இருக்கும்படி சிவனையே கேட்டுக்கொள்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார்! வேறு வழியில்லாமல் அங்கேயே செய்கிறார். அப்புறம் திருவாரூர் நினைவு வந்து, சொன்ன சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன.

தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பரான அவருக்கே அப்படி நடந்ததே என்றுதான் இதுவரை இந்தக் கதையைக் கேட்டு வந்தேன். அன்று மரத்தடியில் நின்றபோது வேறொன்று உறைத்தது. அங்கே சொல் தவறியவருக்குத்தான் பார்வை போனது. இங்கே சொல் தவறியது நான், பார்வை போனது அம்மாவுக்கு. முதல் வருடமே கூட்டி வந்திருந்தால் அந்தத் திருமேனியை அவள் கண்குளிரப் பார்த்திருப்பாள். நோயை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் இந்த ஒரு காட்சியை அவளுக்குக் கொடுத்திருக்க முடியும். இதை அவளிடமே சொன்னேன், வேலை என்று சொன்ன பொய்யையும் சேர்த்து.

"தெரியும்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த கார்த்திகைக்கும் வரலாமா?" என்று கேட்டாள்.

'கண்டிப்பா' என்ற வார்த்தை வழக்கம்போல வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"நடக்குமான்னு தெரியலம்மா. ஆனா வர முடியலன்னா உண்மையான காரணத்தைச் சொல்வேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. கையை நீட்டித் துழாவினாள். பிடித்து மரத்தின் மேல் வைத்தேன். பட்டையை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"சரி, வா. வடிவுடையம்மன் சந்நிதியில கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்."