நடந்தால் மட்டும் போதாது, தொடையும் வேலை செய்யணும்

விடிகாலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் பக்கம் நடக்கிற அண்ணாச்சிமார் பலருக்கு ஒரே மனக்குறை: "மாசக்கணக்கா நடக்கேன், சுகர் எறங்க மாட்டேங்கு." அந்த நடையை யாரும் விட்டுவிட வேண்டாம். ஆனால் காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு மீதிப் பொழுதெல்லாம் உட்கார்ந்தே கழித்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடம் தசை. சும்மா இருக்கும் தசைக்குள் அது நுழைய இன்சுலின் வேண்டும். தசை வேலை செய்யும்போதோ, குளுட்-4 என்ற புரதம் இன்சுலின் தயவில்லாமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். இன்சுலினுக்குச் சரியாக மசியாத உடம்பிலும் இந்த வழி வேலை செய்யும். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக நடப்பது ஈடாகாது.

நேரமும் முக்கியம். நியூசிலாந்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேரை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், தினம் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நல்ல பலன், 22 சதவீதம். கை கழுவிய கால் மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மத்தியான வெயிலில் தெருவுக்குப் போக வேண்டாம், வளவுக்குள்ளேயே நடக்கலாம். சொதிச் சாப்பாடு என்றால் மட்டும் ஒரு நடை போதாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். சோறும் உருளைக்கிழங்கும் தரும் சர்க்கரை பிந்தி ஏறும். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு 10 நிமிடம் நடங்கள்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் மடியில் சொளவை (முறத்தை) வைத்து மணிக்கணக்காகப் பீடி சுற்றும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். விரல் ஓயாமல் ஓடினாலும் தொடையும் கெண்டைக்காலும் அசைவதே இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலை 20 முறை தூக்கி இறக்கினால் போதும், இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, நம் ஊரில் அநேகம்பேர் தொடவே தொடாத தசைப் பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்யணும். கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்கணும். பொத்தென்று விழுந்தால் தொடைக்கு வேலையே இல்லை. ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 10, இன்னொரு 10. பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் இதே கணக்கில் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். சுமையைக் கூட்டாமல் வருஷக்கணக்காக அதையே செய்தால் தசை வளராது. முட்டு வலித்தால் உயரமான இருக்கைக்கு மாறுங்கள்.

எடை குறையவில்லை என்று பயிற்சியை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். தராசு அசையாமலே வயிற்றுக் கொழுப்பு குறையலாம், ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இறங்கலாம். இடுப்பு அளவை மாதம் ஒருமுறை பாருங்கள்: நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதற்குள் இருக்கணும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டே தொடங்கணும். நடுவில் சர்க்கரை ரொம்ப இறங்கி, கை நடுங்கி வேர்த்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். அல்வா வேண்டாம், நெய் கலந்ததால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.