சேர்வராயன் மலையின் பழைய வரைபடத்தை இன்றைய படத்தோடு பொருத்திய அனுபவம்

சேலம் பகுதியைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு ‘இந்திய அட்லஸ்’ தாள் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. ஒரு அங்குலத்துக்கு நான்கு மைல். சமஉயரக் கோடுகள் கிடையாது. சரிவைக் காட்டப் பொடிப்பொடிக் கோடுகளாக இழைத்திருக்கிறார்கள். செங்குத்து கூடக்கூட அவை அடர்ந்து கறுக்கும். சேர்வராயன் மலை கொழுத்த கம்பளிப்பூச்சி மாதிரி படுத்திருக்கிறது.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, தாளிலேயே அச்சாகியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களை வைத்துப் பொருத்தினேன். ஏற்காடு சுமார் நாலரை கிலோமீட்டர் கிழக்கே போய் உட்கார்ந்துவிட்டது. ஓமலூர், சங்ககிரி எல்லாமே அதே திசையில், கிட்டத்தட்ட அதே தூரம்.

விடை தாளின் ஓரத்திலேயே இருந்தது. மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80°17'21" என்று வைத்துக் கணக்கிட்டதாகக் குறிப்பு. அந்த மதிப்பு 2 நிமிடம் 27 விநாடி அதிகம் என்பது பிற்பாடு உறுதியானது. 1802ல் நில அளவையாளர் லாம்ப்டன் பரங்கிமலை அருகே தரையில் ஒரு அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து கோணங்களை வைத்து மற்ற தூரங்களைக் கணக்கிட்டுத் தொடங்கிய முக்கோண அளவையில் ஊருக்கு ஊர் தூரம் பிசகவில்லை. தொடக்கப் புள்ளியான வானாய்வகத்தின் தீர்க்கரேகை தள்ளியிருந்ததால் தாள் மொத்தமாக நகர்ந்திருக்கிறது. அந்த 2 நிமிடம் 27 விநாடியைக் கழித்ததும் ஏற்காடு வீடு திரும்பியது.

அப்புறம் எவரெஸ்ட் நீள்கோளத்திலிருந்து (பழைய இந்திய அளவைகள் பூமிக்கு வைத்துக்கொண்ட வடிவம்) டபிள்யூஜிஎஸ் 84க்கு (இன்று ஜிபிஎஸ் பயன்படுத்துவது) மாற்ற வேண்டுமா என்ற கேள்வி. இங்கே அந்த வித்தியாசம் நூறு மீட்டருக்கு மேல் வரும்தான். ஆனால் இந்த அளவுகோலில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 125 மீட்டர் அகலம். இதற்குப் போய் மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி.

தாள் சுருங்கியதைச் சரிசெய்யத்தான் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது பழைய படத்திலும் இன்றைய படத்திலும் அடையாளம் தெரிகிற இடங்கள், வேண்டும். சாலைகளை நம்பாதீர்கள். சங்ககிரி, நாமக்கல் கோட்டைக் குன்றுகள், கஞ்சமலை உச்சி, மஞ்சவாடிக் கணவாய் ஆகியவை எங்கேயும் போகாது. மேட்டூர் பக்கம் காவிரி வளைவுகளைத் தொடவே முடியாது. 1934ல் அணை வந்தபின் அவை தண்ணீருக்கடியில். பழைய தாளில் மட்டும் ஆறு ஆறாகவே ஓடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு பொம்மிடி பக்கத்துச் சரிவுகள் இன்னும் ஒட்டவில்லை. உச்சிகளைக் கருவி வைத்து அளந்தவர்கள், இடையில் உள்ள மடிப்புகளைப் பெரும்பாலும் கண்பார்வையில்தான் வரைந்தார்கள். அங்கே இழுத்துப் பிடித்தால் சங்ககிரி கெடுகிறது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.