அரைவைப்பைக்கு வேலை தரும் உமி

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் ஒரு கறிக்கோழியும், நாட்டுக்கோழி போன்ற ஒரு கம்போங் கோழியும் வாங்கினேன். உள்ளுறுப்புகளை எறிந்துவிட வேண்டாம் என்றதும், “ஈரலுக்குத்தானே அக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு வேண்டியிருந்தது ஈரலோடு வரும் அரைவைப்பை, அதாவது கோழி தின்றதை அரைக்கும் தசைப்பை. வீட்டுக்கு வந்து இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். கம்போங் கோழியுடையது விரலுக்கு இணங்காமல் இறுகி நின்றது. கறிக்கோழியுடையது துவண்டு கிடந்தது. இங்கே கம்போங் கோழி என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பண்ணைத் தீவனம் தின்று வளர்ந்ததே என்பதாலும், இனமும் வயதும் வேறு என்பதாலும், இதிலிருந்து எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாது. ஆனால் பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருக்கும் என் தம்பியின் புலம்பல் நினைவுக்கு வந்தது.

“குஞ்சுங்க தீவனத்த விட்டுட்டு கீழ கெடக்குற உமியக் கொத்தித் திங்குதுக்கா” என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னான். பசியால் அல்ல, அரைவைப்பைக்கு வேலையில்லாததால் இருக்கலாம் என்றேன், சிரித்துவிட்டான்.

கோழிக்குப் பல் இல்லை. முன் இரைப்பையில் சுரக்கும் அமிலத்தோடு கலந்த இரையை அரைத்துக் கூழாக்குவது அரைவைப்பையின் தடித்த தசைதான். மாவாக அரைத்துக் குருணையாக்கிய தீவனத்தில் அரைப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லாததால், அது அங்கே தங்காமல் குடலுக்கு வழுக்கிச் செல்கிறது. தசை மெலிகிறது, அமிலத்தன்மை குறைகிறது, அமிலத்தில் மடிய வேண்டிய கிருமிகளில் சில தப்பிக் கீழே இறங்குகின்றன. இதே தீவனத்தில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு ஓட்ஸ் உமியையோ நெல் உமியையோ கொரகொரப்பாகச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. உமி போதிய அளவு பொடியாகும்வரை அரைவைப்பை அதை வெளியே விடாது. அதற்குள் தசை திரண்டு வலுக்கிறது, இரை அமிலத்தில் நன்றாக ஊறுகிறது, முன்குடலுக்குப் போனது பித்தநீரோடு மீண்டும் மேலே தள்ளப்பட்டு இன்னொரு முறை கலக்கிறது. மாவுச்சத்து முன்னைவிட நன்றாகச் செரிக்கிறது. அதே உமியை மாவாக அரைத்துப் போட்டால் இந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்காது.

எல்லா நார்ச்சத்தும் இப்படிப்பட்டதன்று. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள கரையும் நார் குடலில் பசைபோலக் குழைந்து செரிமானத்தைத் தடுக்கும், எச்சத்தை ஈரமாக்கும். அதற்காகத்தான் தீவனத்தில் நொதி சேர்க்கிறார்கள். தீவன மூட்டையில் அச்சிடப்படும் ‘கச்சா நார்’ என்ற எண்ணோ இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து எஞ்சுவதை அளக்கும் பழைய முறை அது. கரையும் நார் அந்தக் கொதியிலேயே போய்விடுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து நாரைக் குறைத்துக்கொண்டே வந்ததுதான் தவறு என்பது என் கருத்து. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட எதிருயிர் மருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடை செய்தபின், குடலைக் காக்க வேறு வழி தேடியவர்களின் கவனம் உமியின் பக்கமும் திரும்பியது.

தம்பிக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். அடுத்த தொகுதியில் ஒரு சிறு தடுப்புக்குள் மட்டும் சுத்தமான, பூஞ்சை பிடிக்காத உமியைத் தீவனத்தில் கலந்து கொடுத்துவிட்டு, இரு பக்கத்திலிருந்தும் சில கோழிகளின் அரைவைப்பையை நிறுத்துப் பார்க்க வேண்டும். தீவனம் தரும் நிறுவனம் சம்மதிக்க வேண்டுமே என்கிறான், அதுவும் நியாயம்தான்.

அரைவைப்பையின் உள்ளே மஞ்சளாக ஒட்டியிருக்கும் தோலை நான் உரித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சீன மூதாட்டி எட்டிப் பார்த்தார். சீன மருத்துவத்தில் அதைக் காயவைத்துப் பொடித்து அசீரணத்துக்குக் கொடுப்பார்கள். ‘கோழியின் உட்பொன்’ என்று அதற்குப் பெயர். இரண்டையும் கேட்டு வாங்கிப் போனார். கறிக்கோழியுடையது உரிக்கும்போதே கிழிந்துவிட்டது. கம்போங் கோழியுடையது முழுதாக வந்தது. இப்போது அவர் வீட்டுச் சன்னலோரத்தில் ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது.