சுருட்டை முடிக்கு தினமும் ஷாம்பு வேண்டாம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், வாளியின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், அதே தண்ணீரில் தினமும் ஷாம்பு போட்டுக் குளித்ததில் என் சுருட்டை முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. தலையில் சுரக்கும் எண்ணெய் அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை எளிதில் இறங்காது, அதனால்தான் சுருட்டை முடி சீக்கிரம் வறண்டுபோகிறது.

இப்போது ஷாம்பு வாரத்துக்கு 2 நாள்தான். குளிக்க ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். ஷாம்பு வேர்க்காலுக்கு மட்டும், கண்டிஷனர் நடுமுடியிலிருந்து நுனிவரை. அதை அலசுவதற்கு முன்பே, முடி வழுவழுவென்று இருக்கும்போதே, பெரிய பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய் சிக்கு எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு வாரினால் சுருள் பிரிந்து பம்மென்று நிற்கும். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். அப்புறம், துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள். பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுத்தால் போதும்.

மே மாதத்தில் நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தினமும் ஷாம்பு போடத்தான் தோன்றும். வெறும் தண்ணீரில் அலசுங்கள், வியர்வை போய்விடும்.